காஞ்சிபுரத்தில் எதற்கு ஆல்ப்ஸ் மலை?

பணி ஓய்வுக்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்கு ஓவிய ஆசை வருவது சகஜம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "மூன்றே மணி நேரத்தில் இம்ப்ரஷனிஸ்ட் பாணி மலைக் காட்சி, ஆயில் பெயின்டிங்" என்று சொல்லித் தருகிறார்களே, அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நம்மூரில் நான் சேர்ந்த ஒரு வகுப்பு. பெயர் வேண்டாம். சுவரில் ஒரு அச்சுப் படம்: பனிமலை, ஏரி, பைன் மரங்கள். கத்தியால் வெள்ளையை இப்படி இழுத்தால் பனி, பிரஷ்ஷை இப்படிக் குத்தினால் மரம். எல்லோரும் ஒரே மலையைத்தான் வரைந்தோம். தறி நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும் பனியின் நிழலில் ஊதா வைத்தாள். "நிழல்னா கறுப்பு கலந்த சாம்பல்தாம்மா" என்று ஆசிரியர் அதன் மேலேயே பூசிவிட்டார்.

அங்கே இம்ப்ரஷனிஸ்ட் என்று சொல்லத்தக்கவள் அவள் ஒருத்திதான்! 1874-இல் பாரிஸில் மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ முதலியோர் தனிக் கண்காட்சி வைத்தபோது, கேலியாக வந்த பெயர் அது. வெட்டவெளிக்குப் போய், அந்த நேரத்து வெளிச்சத்தைப் பார்த்து வரைந்தார்கள். நிழலுக்கும் நிறம் உண்டு என்று காட்டினார்கள். அச்சுப் படத்தைக் காப்பி அடிப்பதற்கு அவர்கள் பெயரைச் சூட்டுவது அநியாயம் இல்லையா?

இன்னொரு விஷயம். அவர்களுக்குக் கைகொடுத்த நிற அறிவில் ஒரு பங்கு நெசவிலிருந்து போனது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியல் அறிஞர் ஷெவ்ரல். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. 1839-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதா? பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், சேர்ந்தால் மயில்கழுத்து. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை கோர்த்தால் இரண்டும் ஏன் தூக்கலாகத் தெரிகிறது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்தக் கண்ணுக்குத்தான் சாம்பல் பூசுகிறோம்.

"வயசான காலத்துல கூடத்துல மாட்ட ஒரு படம் கிடைச்சா போதாதா சார்?" என்பார்கள். மாட்டத்தான் என்றால் கடையில் வாங்கிவிடலாமே! கற்றுக்கொள்வது பார்ப்பதற்காக.

அந்த 1874 கண்காட்சியில் கலந்துகொண்ட செசான், தன் ஊரருகே இருந்த செயின்ட் விக்துவார் என்ற ஒரே மலையைப் பல வருடங்கள் திரும்பத் திரும்ப வரைந்தார். காஞ்சி சமவெளிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செங்கல்பட்டு தாண்டினால் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி நிற்கிறதே!

ஆயில் வண்ணம் மெதுவாகக் காய்வது இதற்கு வசதி. ஈரத்தின் மேலேயே ஈரமாக வைத்து ஒரு காலைப் பொழுதில் சின்னப் பலகை ஒன்றை முடித்துவிடலாம். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாறையின் நிழலில் நீலமா, ஊதாவா, செம்மண்ணின் சாயலா என்று பாருங்கள். நிறங்களைக் குழப்பிக் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

வகுப்பு நடத்துபவர்களே, கட்டணம் தாராளமாக வாங்குங்கள். அதில் ஒரு வேன் பிடித்து எங்களை அங்கே கூட்டிப் போங்கள். விடியும்முன் கிளம்ப நாங்கள் தயார். எங்களுக்கு எப்படியும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.