பேசக்கூடாத அலைவரிசையில் யார் பேசுவது?

1400 முதல் 1427 மெகாஹேர்ட்ஸ் வரை யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி அது. விண்வெளி ஐதரசனின் மெல்லிய குரலை வானியலாளர்கள் கேட்பதும் இதற்குள்தான். ராணுவமோ ரீவிக்காரரோ, எல்லாருக்கும் ஒரே சட்டம். எழுத்தில மட்டும்.

2009 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஸ்மோஸ் செய்மதியை அனுப்பியது சத்தத்தைத் தேடி அல்ல. மண்ணில் எவ்வளவு ஈரம், கடலில் எவ்வளவு உப்பு என்று பார்க்கத்தான். மண் தானாகவே வெளிவிடும் அலையை அது மேலிருந்து அளக்கும். காய்ந்த மண் கூடுதலாக வெளிவிடும், ஈரமண் குறைவாக. ஆனால் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆசியாவின் பல பகுதிகளுக்கு மேலால் போகேக்க மண்ணின் குரலே கேட்கேல்ல. மனிதர் போட்ட சத்தம்தான் கேட்டது. பூமியின் வானொலிச் சத்த வரைபடம் இப்படித்தான் ஒரு பக்க விளைவாகக் கிடைத்தது.

பெரிய சத்தம் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. மண்ணிலிருந்து வருவது ஏறக்குறைய 300 கெல்வினைத் தாண்டாது. ஆயிரக்கணக்கில் வந்தால் அது மண் இல்லை என்று கண்டு கழித்துவிடலாம். சின்னச் சத்தம்தான் பொய் சொல்லும். ஈரமண்ணோடு கொஞ்சம் சேர்ந்தால் அது காய்ந்த மண் போலவே தெரியும். வறட்சியைக் கணிக்கிற ஆள் அதை நம்பினால்?

வடிகட்டினால் போதும்தானே என்பார்கள். 2015இல் நாசா அனுப்பிய ஸ்மாப், சத்தத்தைப் பிரித்துக் கழிக்கும் ஏற்பாடோடேயே போனது. நல்லது. ஆனால் கழித்த இடத்தில் மண்ணைப் பற்றிய தகவலும் போய்விடுகிறது, மிக மெல்லிய சத்தம் வடியைத் தாண்டியும் வருகிறது. 1973இல் இதே நாசா, வேறு அலைவரிசைகளில் வானத்தைக் கேட்க, பூமியின் இரைச்சலுக்குத் தப்பி ஒரு செய்மதியை நிலாவைச் சுற்ற விட்டது. மண்ணை அளக்கிறவருக்கு அப்படி ஓடி ஒளிய இடமில்லை.

ஆகவே சத்தத்தை அது பிறக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அது முடியாத காரியமும் இல்லை. ஐரோப்பாவில் முறையிட்ட பிறகு பல கருவிகள் நிறுத்தப்பட்டன. ஆனால் செய்மதிக்காரர் கடிதம் மட்டும்தான் எழுதலாம். ஆழியை அணைக்கிற அதிகாரம் அந்தந்த நாட்டிடம். ராடர் இருக்கிற இடம் ரகசியம் என்று சில நாடுகள் சொல்லலாம். மேலே போகிற செய்மதிக்கே கேட்கிற சத்தத்தில் என்ன ரகசியம்? மண்ணீர வரைபடம் வெளியிடும்போதெல்லாம் சத்த வரைபடத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள் என்கிறோம் நாங்கள். எந்த வயலின் இலக்கத்தை நம்பக்கூடாது என்பது அதைப் பாவிக்கிற ஆளுக்கும் தெரியட்டும்.