பேச்சா, செயலா?

ஆள் தெரிந்தெடுப்பது எளிய காரியமன்று. அதனால்தான் வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே படைத்தார். ஒருவரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரவர் செயலே உரைகல் என்பது அவர் முடிபு. ஆனால், மென்பொருள் பொறியாளரைத் தேடும் பல நிறுவனங்கள் இன்றும் செயலை விட்டுவிட்டுப் பேச்சையே உரசிப் பார்க்கின்றன.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கும் அரை மணி நேர உரையாடலில் யார் வெல்வார்? சரளமாக ஆங்கிலம் பேசுபவரும், கேள்வி கேட்பவர் படித்த கல்லூரியிலேயே படித்தவரும் வெல்வார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர், நிரல் எழுதுவதில் வல்லவராயினும் வாசலிலேயே நின்றுவிடுவார். சிலர் புதிர் போட்டுத் திணறடிப்பதும் உண்டு. கூகுள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ போக், அத்தகைய புதிர்கள் வெறும் நேர விரயம் என்று 2013இல் வெளிப்படையாகவே கூறினார்.

ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. 1998இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டுக்கால ஆய்வு முடிவுகளைத் தொகுத்தனர். வேலையின் ஒரு பகுதியைச் செய்ய வைத்துப் பார்க்கும் சோதனை அதில் முன்வரிசையில் நின்றது. 2022இல் சாக்கெட் குழுவினர் அக்கணக்கைத் திருத்தியபோது, அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத் தேர்வு முதலிடம் பெற்றது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கையோ இரண்டிலும் பின்தங்கியே இருந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பிழையுள்ள ஒரு சிறு நிரலைக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், ஏன் அப்படித் திருத்தினார் என்று விளக்கச் சொல்வது மிக முக்கியம். மதிப்பிடுவோர் தங்களுக்குள் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாகப் புள்ளிகளை எழுதிவிட வேண்டும். வாரக்கணக்கில் வீட்டுப்பாடம் கொடுப்பதும் முறையன்று. பகுதிநேர வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவருக்கு அதற்கு நேரம் ஏது?

பேச்சுத்திறன் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தான் செய்ததைத் தெளிவாக விளக்குவதே அத்திறன். உச்சரிப்பு நயம் வேறு, விளக்கும் ஆற்றல் வேறு.

முன்னாள் மாணவர்களே! இன்று உங்களில் பலர் கேள்வி கேட்கும் இருக்கையில் அமர்ந்திருக்கிறீர்கள். நம்மவர் என்பதற்காகச் சலுகை காட்ட வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சோதனையை வையுங்கள், அதுவே போதும். மாணவர்களே! சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். செய்து காட்ட ஏதேனும் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.