திரையில் நம் ஜனங்கள்: அடி தெரிகிறது, அணி தெரிகிறதா?

சினிமாவைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூலிப் பிரச்னை இருக்கிறது, பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி இருக்கிறது. இவற்றுக்கு நடுவே படத்துக்கு என்ன விமர்சனம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியும், பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் களையெடுத்து வரும் பெண்ணும், மீதமிருக்கும் இரண்டு மணி நேரத்தை எதற்குக் கொடுக்கிறார்கள்? சினிமாவுக்குத்தான். டவுன் கொட்டகையில் பார்க்கிறார்கள். அல்லது மகனுடைய கைபேசியில் பார்க்கிறார்கள். நம் ஜனங்களின் மனதில் இடம்பிடிக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி நமக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களில் சில, நம் பெரம்பலூர், அரியலூர் பூமியின் ரத்தமும் கண்ணீரும் பட்ட படங்கள். மற்ற ஊர்க்காரர் அவற்றைக் கதையாகப் பார்க்கலாம். நாம் அப்படிப் பார்க்க முடியாது.

முதலில் ‘விடுதலை’யை எடுத்துக்கொள்வோம். வெற்றிமாறன் டைரக்ஷனில் முதல் பாகம் 2023 மார்ச்சிலும் இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலும் வெளிவந்தன. படம் தொடங்கியதும் ஒரு ரயில் கவிழ்ந்து கிடக்கிறது. பெட்டிகளுக்கு இடையே ஜனங்கள் நசுங்கிக் கிடக்கிறார்கள். காமிரா வெட்டில்லாமல் அந்தச் சிதைவுக்குள் நடந்து போகிறது. பட்டணத்து விமர்சகர்கள் அந்தக் காட்சியின் தொழில் திறமையைப் புகழ்ந்தார்கள். அரியலூர்க்காரனுக்கு அங்கே திறமையா நினைவுக்கு வரும்? மருதையாறுதான் நினைவுக்கு வரும்.

மருதையாற்றுப் பாலத்தில் இரண்டு முறை ரயில் கவிழ்ந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தார். அடுத்தது 1987 மார்ச் 15. அன்று வெள்ளம் இல்லை, வெடிகுண்டு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. தமிழ்நாடு விடுதலைப் படை என்ற ஆயுதக் குழுவின் வேலை அது. செத்தவர்கள் யார்? மந்திரியா, மிராசுதாரா, ஆலை முதலாளியா? டிக்கெட் வாங்கி ஏறிய சாதாரணப் பிரயாணிகள்!

‘விடுதலை’ கற்பனைக் கதை என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற சிறுகதையை ஆதாரமாகக் கொண்டது. ஆனாலும் 1987-ம், ரயிலும், ‘வாத்தியார்’ என்று அழைக்கப்படும் தலைவரும், மக்கள் படையும் எந்த மண்ணை நினைவூட்டுகின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல.

படத்தில் மெச்ச வேண்டியது நிறைய உண்டு. போலீஸ் முகாமுக்கு டிரைவராக வரும் குமரேசன், கரடி தாக்கிய ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் உயிர் காக்கப் பார்க்கிறான். அதிகாரிக்கு அது கட்டளை மீறல். மன்னிப்புக் கேள் என்கிறார்கள். ‘நான் தப்புச் செய்யவில்லையே’ என்று நிற்கிறான். அதற்காக அவனை வதைக்கிறார்கள். காக்கிச் சட்டைக்குள் இருப்பவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான், அவனை ஏழைகள்மீது ஏவிவிடும் இயந்திரம் வேறு என்பதை இந்தப் படம் பளிச்சென்று காட்டுகிறது. சூரி இதுவரை நம்மைச் சிரிக்க வைத்தவர்; இதில் நம்மைத் தலைகுனிய வைக்கிறார். மலையைச் சுரங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக மலை ஜனங்களைத் தீவிரவாதிகள் என்று முத்திரை குத்துவது, பெண்களைப் பிடித்துப்போய் ஸ்டேஷனில் நிர்வாணப்படுத்திச் சித்திரவதை செய்வது, இவை மிகைப்படுத்தல் அல்ல. சுண்ணாம்புக்கல்லுக்காக நிலத்தை இழந்த அரியலூர்க் குடியானவனுக்குச் சுரங்கம் என்றால் என்னவென்று படம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் பாகத்தில் விஜய் சேதுபதி நடித்த பெருமாள் வாத்தியாரின் பழைய வாழ்க்கை வருகிறது. பண்ணையார் கொடுமை வருகிறது. சர்க்கரை ஆலைத் தொழிலாளரிடையே சங்கம் வேலை செய்வது வருகிறது. செங்கொடி வருகிறது. இதற்காக டைரக்டரைப் பாராட்டுகிறோம். தமிழ் சினிமாவில் தொழிற்சங்கம் என்றாலே சந்தா வாங்கி ஏப்பம் விடும் கோமாளித் தலைவனைக் காட்டுவதே பழக்கமாக இருந்தது. ‘விடுதலை’ அந்த வழியில் போகவில்லை.

ஆனால் நமக்கு ஒரு கருத்து வேற்றுமை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்கிறோம். சங்கம் கட்டிய வாத்தியார் துப்பாக்கிக்குப் போகிறார். அந்த இடத்திலிருந்து படம் அவரை மட்டும் பார்க்கிறது; சங்கத்தில் சேர்ந்தவர்களை மறந்துவிடுகிறது. அந்த ஆலைத் தொழிலாளி என்ன ஆனான்? பண்ணைக் கூலியாள் என்ன ஆனான்? வாத்தியார் பேசுகிறார், நீளமாகப் பேசுகிறார். ஜனங்கள் கேட்கிறார்கள், அல்லது அடிபடுகிறார்கள், அல்லது அழுகிறார்கள். தாங்களே கூடி, தாங்களே முடிவெடுத்து, ஒரு கோரிக்கையை வென்ற காட்சி நெஞ்சில் நிற்கும்படி எத்தனை இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசன் படித்தவர், துணிச்சல்காரர், தமக்கென்று எதுவும் சேர்க்காதவர் என்று அவரை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவர் 1987 செப்டம்பர் 1 அன்று எப்படி மாண்டார்? பொன்பரப்பியில் வங்கிப் பணத்தை எடுக்கப் போன இடத்தில், கூடிய கூட்டம் அடித்துக் கொன்றது. இதில் போலீசின் சூழ்ச்சி உண்டு என்று சொல்வோர் உண்டு. இருக்கட்டும். யாருக்காக ஆயுதம் எடுத்தாரோ அந்த ஜனங்கள் நடுவில், தம் சொந்த வட்டாரத்தில், தம்மை இன்னாரென்று அறிந்து காக்க ஆளில்லாமல் ஒரு மனிதர் விழுந்தார். இதைவிடப் பெரிய பாடம் எந்தப் படத்தில் இருக்கிறது? தியாகம் மட்டும் போதாது. ஜனங்கள் கூட இருக்க வேண்டும். பாலத்தைத் தகர்க்கப் பத்துப் பேர் போதும். ஒரு கிராமத்தின் கூலியை ஐந்து ரூபாய் உயர்த்த அந்தக் கிராமமே வேண்டும்!

‘விடுதலை’யின் சித்திரவதைக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு வாச்சாத்தி நினைவுக்கு வந்திருக்கும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்தன. வீடுகளைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கதை அதோடு முடிந்ததா? இல்லை. அங்கேதான் தொடங்கியது. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் வழக்கை விடவில்லை. அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று, அதிகாரிகளை நேருக்கு நேர் கை நீட்டிக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் தோழர்களே! ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் 215 அரசாங்க ஊழியர்கள் கூண்டில் நின்றார்கள். இது கதையல்லவா? இதில் விறுவிறுப்பு இல்லையா? அடிபட்ட காட்சியைப் படமெடுக்கும் கலைஞர்களுக்கு, அடிபட்டவர்கள் 31 ஆண்டுகள் ஓயாமல் நின்ற காட்சி ஏன் கண்ணில் படவில்லை?

அடுத்து ‘ஜெய்பீம்’. த.செ. ஞானவேல் டைரக்ஷனில் 2021 நவம்பரில் வந்தது. கொட்டகைக்கு வராமல் அமேசான் கம்பெனியின் வழியாகக் கைபேசிக்கு வந்தது. குடிசை ஜனங்களின் கண்ணீரையும் ஓர் அமெரிக்கக் கம்பெனி சந்தா வாங்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது; காலத்தின் கோலம் அது! படம் நிஜச் சம்பவம். 1993-ல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டுப் பழி சுமத்தி கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. அடித்துக் கொன்றது. தப்பி ஓடிவிட்டான் என்று பொய் சொன்னது. சடலம் எங்கே கிடந்தது தெரியுமா? எல்லை தாண்டி, நம் மீன்சுருட்டிப் பகுதியில். அப்போது அது திருச்சி மாவட்டம். இன்று அரியலூர் மாவட்டம்.

படத்தில் சூர்யா நடித்த வக்கீல் சந்துரு நீதிமன்றத்தில் முழங்குகிறார். நிஜத்திலும் அவர் ஏழைகளுக்காக நின்ற வக்கீல்; பின்னாளில் நீதிபதியானவர். அவருக்கு நம் வணக்கம். ஆனால் வழக்கு வக்கீலிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? முதலில் கிராமத்தில் செங்கொடித் தோழர்கள் அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார்கள். கடைசிவரை சாட்சி சொன்னார்கள். படத்தில் அவர்கள் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கொடி தெரிகிறது. ஆனால் ஓரத்தில் தெரிகிறது. மணியமான நடிகர் நடுவில் நிற்கிறார். இயக்கம் பக்கத்தில் நிற்கிறது. பார்த்து முடித்தவன் ‘நமக்கும் இப்படி ஒரு வக்கீல் வரமாட்டாரா’ என்று பெருமூச்சு விடுகிறான். ‘நம் ஊரிலும் ஒரு சங்கம் வேண்டும்’ என்று எழுந்திருக்கிறானா? படத்தின் மதிப்பை நாம் இந்த அளவுகோலால்தான் அளப்போம்.

மூன்றாவது, மாரி செல்வராஜின் ‘வாழை’. 2024 ஆகஸ்டில் வந்தது. இம்மூன்றில் விவசாயத் தொழிலாளி கட்டாயம் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால், இதையே சொல்வோம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் ஒரு சிறுவன் கதை. அவன் தலையில் தார். மனதில் வாத்தியாரம்மாவின் பாட்டு. கூலி தாருக்கு ஒரு ரூபாய். அரிவாள் சுத்தியலைப் போற்றும் வாலிபன் கனி, ஒரு ரூபாய் கூட்டிக் கேள் என்று ஜனங்களைத் திரட்டுகிறான். தார் வெட்ட ஆளில்லாமல் வியாபாரி திணறுகிறான். கூலி கூடுகிறது! ஆனால் வியாபாரி சும்மா இருப்பானா? கூட்டிய ரூபாயை வேறு வழியில் பிடிக்கப் பார்க்கிறான். ஆட்களுக்குத் தனி வண்டி இல்லை. தார் ஏற்றிய லாரி மேலேயே ஏறி வா என்கிறான். லாரி கவிழ்கிறது. வாழைத்தாரோடு மனிதர்களும் புதைகிறார்கள். தென் மாவட்டத்தில் டைரக்டர் தன் சிறுவயதில் கண்ட நிஜ விபத்து அது.

பெரம்பலூர் வட்டாரத்தில் இந்தப் படத்துக்கு விளக்கவுரை வேண்டுமா? சின்ன வெங்காயம் அறுக்கவும் பருத்தி எடுக்கவும் பெண்கள் எதில் போகிறார்கள்? லோடு வண்டியில், டிராக்டர் டிரெய்லரில், நின்றுகொண்டு போகிறார்கள். அந்த வண்டி கவிழ்ந்தால் பத்திரிகையில் ‘விபத்து’ என்று ஒரு மூலையில் போடுவார்கள். ‘வாழை’ கேட்கிறது: இது விபத்தா, மிச்சம் பிடித்த கூலியா? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது முதலாளியின் பழைய வித்தை. கூலியை மட்டும் பேசி முடிக்காதே, வண்டியையும் பேசு, வேலை நேரத்தையும் பேசு, நஷ்டஈட்டையும் பேசு என்பதே அதன் பாடம். எந்த மேடையிலும் முழங்காமல், ஒரு சிறுவனின் பசியை வைத்து மாரி செல்வராஜ் இதைச் சொல்லிவிட்டார். வாத்தியாரின் நீண்ட பேச்சைவிட, பசியோடு ஓடிவரும் அந்தப் பையனின் கால்கள் அதிகம் பேசுகின்றன.

ஆனால் இங்கும் முடிவு ஒப்பாரிதான். வென்ற கூலி மண்ணோடு போகிறது. நிஜத்தில் நடந்தது அப்படித்தான், ஒப்புக்கொள்கிறோம். இருந்தாலும் மூன்று படங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆயுதம் ஏந்திய தலைவன் சாகிறான். ஒன்றில் வக்கீல் காப்பாற்றுகிறார். ஒன்றில் கூலி கேட்டவன் மாள்கிறான். ஜனங்கள் ஒன்றுசேர்ந்து ஜெயித்து, ஜெயித்ததைக் காப்பாற்றி வைத்துக்கொண்ட கதை எங்கே?

அப்படிக் கதை எடுக்க முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ வந்தது. வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார். எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். முற்போக்காளர்கள் சேர்ந்து, தொழிலாளர் வாழ்க்கையையும் சங்கத்தையும் பொருளாக வைத்து எடுத்த படம். தேசிய விருதில் நற்சான்றிதழ் பெற்றது. பாட்டுக்கள் நிலைத்தன, படம் கொட்டகைகளில் நிலைக்கவில்லை. படம் எடுத்தால் போதாது, அதை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது. எம்.பி. சீனிவாசனோ அதோடு ஓயவில்லை. வாத்தியக்காரர்களைத் திரட்டி சினிமா இசைக் கலைஞர்களுக்கே சங்கம் கட்டினார். திரையில் காட்டியதைத் திரைக்குப் பின்னால் செய்தும் காட்டினார்!

இன்று கேமராவே கைபேசியில் இருக்கிறது. கொட்டகை முதலாளியின் தயவு முன்போல் தேவையில்லை. எனவே நம் யோசனை இது. ‘வாழை’யைச் சங்க அலுவலகத்திலோ தெருமுனையிலோ கூடிப் பாருங்கள். ‘விடுதலை’யையும் ‘ஜெய்பீமை’யும் பாருங்கள், பெரியவர்கள் பார்க்க வேண்டியவை அவை, சித்திரவதைக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பார்த்ததும் கலையாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். கனி செய்தது சரியா? வண்டியைப் பற்றி முன்பே ஏன் பேசவில்லை? வாத்தியார் சங்கத்தை விட்டது சரியா? பெண்கள் முதலில் பேசட்டும். லாரியில் போகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பேச்சை ஓர் இளைஞன் எழுதி வைக்கட்டும். எங்கே எப்போது கூலி உயர்ந்தது, யார் யார் நின்றார்கள் என்று ஊர் முதியவர்களைக் கேட்டுப் பதிவு செய்யட்டும்.

நாளைக்கு நம் கதையை எடுக்க வரும் டைரக்டருக்கு நாம் கொடுக்க வேண்டிய சரக்கு அதுதான். அழுத கதை அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. நின்ற கதை நம்மிடம் இருக்கிறது. அதை நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?