பிள்ளைக்கு உரிய ஜீவனாம்சம்

பிரிந்து வாழும் தாய், மணவிலக்கு ஆகாவிட்டாலும் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. கணவர் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டாலும், தாராவியில் வசிக்கும் மனைவி பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் கூலி ரொக்கமாகவே கைமாறுகிறது. சம்பளச் சீட்டு இருப்பதில்லை. அதைச் சொல்லிக் கணவர் தப்பிக்க விடக்கூடாது. வருமானம், சொத்து, கடன் விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்றதும் அத்தீர்ப்பே. கட்டத் தவறினால் சிறை உண்டு. சிறை சென்றாலும் பாக்கி தீராது. நிலுவையை ஓராண்டுக்குள் கேட்பது அவசியம்.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது. தாராவியின் தமிழ் அமைப்புகள் இவ்விவரங்களைத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் தர வேண்டும்.

- வாசகர், தாராவி, மும்பை