நாலரைக் கட்டை

கர்ட்டிஸ் மேஃபீல்டின் கிட்டாரை வேறு யாராவது வாங்கி மீட்டினால் பழகிய இடத்தில் விரல் விழும், பழகிய ஒலி வராது. 1942இல் சிகாகோவில் பிறந்தவர். கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டார். பியானோவின் கறுப்புக் கட்டைகளில் வாசித்துப் பழகிய பையன், கிட்டார் கைக்கு வந்ததும் ஆறு தந்திகளையும் அந்தக் கட்டைகளுக்கே சேர்த்துக்கொண்டான். நம் கச்சேரிக் கணக்கில் நாலரைக் கட்டைச் சுருதி. பிறகு அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

போராட்டப் பாடகர் என்று அவரை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இம்ப்ரெஷன்ஸ் குழுவுக்கு அவர் எழுதிய ‘கீப் ஆன் புஷிங்’ (1964), ‘பீப்பிள் கெட் ரெடி’ (1965) இரண்டும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு சேர்ந்து ஒலித்தவைதான். ஆனால் அவற்றில் முழக்கம் இல்லை. தேவாலயப் பாட்டின் சாயலும், உச்சத்தில் மெலிந்தும் அறுந்துவிடாத குரலும்தான் இருக்கின்றன.

அவருடைய வாதத் திறமை ‘சூப்பர் ஃப்ளை’ (1972) படத்தில் தெரியும். கோகெய்ன் விற்பவன் நாயகன். காமிரா அவன் காரையும் கோட்டையும் ரசித்துக்கொண்டிருக்க, பாட்டு அவனிடம் கணக்குக் கேட்கிறது. அற்பமாகச் சாகும் ஃப்ரெடி என்ற எடுபிடிக்கு மேஃபீல்ட் ஒரு பாட்டு எழுதினார். படத்தில் அதன் இசை மட்டும் வரும். சொற்களுக்கு இசைத்தட்டைத்தான் தேட வேண்டும். சம்பளம் கொடுத்த படத்தோடே சண்டைபோட்ட இசை வேறெங்கும் இவ்வளவு அழகாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுரிமையை நிறுவனங்கள் சொற்பக் காசுக்கு எழுதி வாங்கிக்கொண்ட காலம் அது. மேஃபீல்ட் இளவயதிலேயே தன் பாட்டுகளுக்கென்று சொந்தப் பதிப்பு நிறுவனம் வைத்துக்கொண்டார். 1968இல் கர்டம் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். அவரைப் புகழ்பவர்கள் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். படத்தை மீறிப் பேசும் தைரியத்துக்கு இந்தச் சொத்துரிமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1990 ஆகஸ்டில் புரூக்ளினின் திறந்தவெளி மேடையில் விளக்குச் சட்டம் சரிந்து விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது, கிட்டார் போயிற்று. படுத்தபடியே, மூச்சு கிடைத்தபோது ஒவ்வொரு வரியாகப் பாடிச் சேர்த்த ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’ 1996இல் வந்தது. 1999 டிசம்பரில் காலமானார்.

புதிதாகக் கேட்பவர்கள் அந்தக் கடைசித் தட்டில் தொடங்க வேண்டாம், பரிதாபம் காதை அடைத்துவிடும். 1970இல் வந்த ‘கர்ட்டிஸ்’ இருக்கிறது. அதில் ஒன்பது நிமிடத்தை நெருங்கும் ‘மூவ் ஆன் அப்’பை முழுசாகக் கேளுங்கள், சுருக்கிய பதிப்பு வேண்டாம்.