இந்தியன் ஓசன் (இசைக்குழு)

இந்தியன் ஓசன் என்பது தில்லியைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்குழு ஆகும். 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்குழு, ராக், ஜாஸ் ஆகிய இசை வகைகளின் கட்டமைப்பினுள் இந்துஸ்தானி இசையையும் பல்வேறு வட்டாரங்களின் நாட்டார் பாடல்களையும் இணைத்து வழங்கி வருகின்றது. திரைப்படப் பாடல்களே பெரும்பான்மை மக்களின் இசையாக விளங்கும் இந்தியாவில், மேடை நிகழ்ச்சிகளையே முதன்மையாக நம்பி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துள்ள மிகச் சில குழுக்களுள் இதுவும் ஒன்று. சுயாதீன இசைக்கலைஞர்கள் எவ்வாறு பிழைக்கின்றனர், நாட்டார் பாடல் யாருக்கு உரியது ஆகிய இரு வினாக்களை ஆராய்வதற்கு இக்குழுவின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென், பாடகரும் தபேலா கலைஞருமான அசீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் 1980களில் இணைந்து வாசிக்கத் தொடங்கியதே இக்குழுவின் மூலம் ஆகும். பேஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான ராகுல் ராம் 1991இலும், டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாம் 1994இலும் இணைந்தனர். இந்நால்வர் அணியே குழுவின் அடையாளமாக நெடுங்காலம் அறியப்பட்டது.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு 1993இல் வெளிவந்தது. இரண்டாவது தொகுப்பான டெசர்ட் ரெயின், ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கப்பட்டதன்று. வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மியின் நினைவாக 1997 சனவரி 1 அன்று தில்லியில் நடைபெற்ற நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு ஆகும். 2000ஆம் ஆண்டு டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட கந்தீசா குழுவிற்கு நாடு தழுவிய புகழைத் தேடித் தந்தது. 2003இல் ஜீனி வெளியானது.

அனுராக் காசியப் இயக்கிய பிளாக் பிரைடே என்ற திரைப்படத்திற்கும் இக்குழு இசையமைத்தது. 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றிய இத்திரைப்படம், வழக்கு விசாரணை நிலுவையில் இருந்ததால் தடைபட்டு 2007 பெப்ரவரியிலேயே திரைக்கு வந்தது. படத்திற்கு முன்னரே பியூஷ் மிஸ்ரா எழுதிய அதன் பாடல் மக்களிடையே பரவிவிட்டது குறிப்பிடத்தக்கது.

நாட்டார் பாடல்களும் நர்மதையும்

கந்தீசா தொகுப்பின் தலைப்புப் பாடல், கேரளத்தின் தோமா கிறித்தவர்களிடையே வழங்கும் சிரியாக் மொழி வழிபாட்டுப் பாடல் ஆகும். அதே தொகுப்பிலுள்ள மா ரேவா நர்மதை ஆற்றைப் போற்றும் நாட்டார் பாடல். ரேவா என்பது நர்மதையின் மற்றொரு பெயர். இப்பாடல் குழுவிற்குக் கிடைத்த வழி நூலகமோ ஒலிநாடாவோ அன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்ற ராகுல் ராம், 1990களின் முற்பகுதியில் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். பள்ளத்தாக்கு மக்களுடன் வாழ்ந்த அக்காலத்தில் கேட்ட பாடல்கள் பின்னர் குழுவின் மேடைக்கு வந்தன.

இதனால் அப்பாடலை அதன் அரசியல் சூழலிலிருந்து பிரித்து நோக்குவது கடினம். கந்தீசா வெளியான அதே 2000ஆம் ஆண்டின் அக்டோபர் 18 அன்று, சர்தார் சரோவர் அணையின் கட்டுமானத்தைத் தொடர இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. 2017 செப்டம்பரில் அணை நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்த்தேக்கம் அதன் முழுக் கொள்ளளவான 138.68 மீட்டர் மட்டத்தை முதன்முறையாக எட்டியபோது, மத்தியப் பிரதேசத்தின் தார், பட்வானி மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. அணையினால் குசராத்து, இராசத்தான் ஆகிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளுக்குக் குடிநீரும் பாசன நீரும் கிடைத்தன என்பதும் உண்மையே. எனினும் ஆற்றைத் தாயாகப் பாடிய கரை நீருக்குள் சென்றுவிட்டது. பாட்டு மட்டும் நகர அரங்குகளில் ஒலிக்கின்றது.

மா ரேவா எதிர்ப்புப் பாடல் அன்று, துதிப்பாடல் ஆகும். அதன் சொற்களில் அணை இல்லை. அதனால் அணைச் சிக்கலை அறியாத ஒருவரும் அதை முழுமையாக இரசிக்க இயலும். இதுவே இவ்வகை இசையின் வலிமையும் வரம்பும் ஆகும்: பாடல் தன் ஊரைவிட்டு நெடுந்தொலைவு பயணிக்கின்றது, ஆனால் ஊரின் கதை அதனுடன் தானாகவே பயணிப்பதில்லை.

உரிமைச் சிக்கல்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஆசிரியர் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய படைப்புகளையே முதன்மையாகக் கருதுகின்றது. ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். தலைமுறைகளாக வாய்மொழியாக வழங்கும் பாடலுக்கு இவ்வாறான ஆசிரியர் இல்லை; ஆகவே அது பொதுச்சொத்தாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அதே பாடலின் ஒலிப்பதிவிற்குத் தயாரிப்பாளர் 60 ஆண்டு உரிமை பெறுகின்றார். சுருங்கக் கூறின், பாட்டைக் காத்த ஊருக்கு எதுவும் இல்லை; பதிவு செய்தவருக்கு உண்டு.

2012இல் செய்யப்பட்ட திருத்தம் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் உரிமப் பங்கை வலுப்படுத்தியது. எனினும் நாட்டார் பாடல்களுக்கு அது பொருந்தவில்லை. இந்தியா 2005இல் ஏற்ற யுனெசுக்கோவின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபு உடன்படிக்கை, மரபுகளை ஆவணப்படுத்தவும் பாதுகாக்கவும் வழிகோலுகின்றது. வருமானப் பங்கீட்டை வரையறுப்பதில்லை. உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனம் 2024 மே மாதம் ஏற்ற ஒப்பந்தமும் மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் பற்றியதே அன்றி, நாட்டார் இசையைப் பற்றியதன்று.

இந்நிலையில் பாடல் எங்கிருந்து பெறப்பட்டது என்று கூறுவது குழுக்களின் மனச்சான்றைப் பொறுத்ததாகவே உள்ளது. மறுபுறம், கடுமையான உரிமைச் சட்டம் வந்தால் நாட்டார் பாடல்கள் ஊர் எல்லையைத் தாண்டாமலே மறையக்கூடும் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரே பாடலைப் பல ஊர்கள் பாடும்போது எந்த ஊருக்குப் பங்கு என்பதும் எளிதில் தீர்க்கக்கூடிய வினா அன்று.

இழப்பும் இலவச வெளியீடும்

அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரல் ஏற்கனவே பதிவு செய்யப்பட்டிருந்த ஏழு பாடல்கள் 2010 சூலை முதல் மாதம் ஒன்றாக, இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கிக் கொள்ளும் வகையில் வெளியிடப்பட்டன. தில்லி கரோல் பாக்கில் குழுவினர் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியான 16/330 கஜூர் ரோடு என்பதே அத்தொகுப்பின் பெயர்.

இம்முடிவைத் தாராள மனப்பான்மை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. இறுவட்டு விற்பனை சரிந்து, அனுமதியற்ற நகல்கள் பெருகிய காலம் அது. பாடலை விற்று ஈட்டுவதைவிடப் பாடலைப் பரப்பி மேடையில் ஈட்டுவது குழுவிற்கு ஏற்றதாக இருந்தது. ஆயினும் மேடை வருமானம் கலைஞரின் உடல்நலத்தையும் இடைவிடாத பயணத்தையும் நம்பியது. 2020இல் கொரோனா பெருந்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டபோது, மேடையை மட்டும் நம்பிய கலைஞர்களின் நிலை எவ்வளவு பாதுகாப்பற்றது என்பது வெளிப்பட்டது.

பிற்காலம்

அசீமின் மறைவிற்குப் பின் பாடகர் ஹிமான்சு ஜோசி, தபேலா கலைஞர் துஹின் சக்ரவர்த்தி ஆகியோர் இணைந்தனர். சுஸ்மித் சென் 2013இல் விலகினார். அவரிடத்தில் நிகில் ராவ் வந்தார். 2014இல் வெளியான தாண்டனு தொகுப்பில் சுபா முத்கல், விசுவ மோகன் பட், சங்கர் மகாதேவன் முதலானோருடன், கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷ், வயலின் கலைஞர் குமரேஷ் ஆகிய தமிழ்நாட்டுக் கலைஞர்களும் பங்கேற்றனர். 2015இல் மசான் திரைப்படத்திற்கு இக்குழு இசையமைத்தது. குழுவைப் பற்றி செய்தீப் வர்மா இயக்கிய லீவிங் ஹோம் என்னும் ஆவணப்படம் 58ஆவது இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கலை, பண்பாட்டுப் படத்திற்கான விருதைப் பெற்றது.

இசைத்தொகுப்புகள்

இந்தியன் ஓசன் (1993)
டெசர்ட் ரெயின் (1997)
கந்தீசா (2000)
ஜீனி (2003)
16/330 கஜூர் ரோடு (2010)
தாண்டனு (2014)
தூ ஹை (2023)