ஏலாக்குறிச்சியில் மாறியது என்ன, மாறாதது என்ன?

அரியலூர் மாவட்டம், திருமானூர் அருகே இருக்கும் ஏலாக்குறிச்சிக்கு இன்னொரு பெயர் திருக்காவலூர். அந்தப் பெயரைச் சூட்டியவர் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், வீரமாமுனிவர்.

தேம்பாவணி, சதுரகராதி, எ-ஏ, ஒ-ஓ எழுத்துச் சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அடைக்கல மாதா ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கும் அதுவரை தெரியும். ஆனால், ஒரு பழைய அமைப்புக்குள் மாற்றம் கொண்டுவந்த ஆளாக அவரை அதிகம் யாரும் பார்ப்பதில்லை.

1711 வாக்கில் அவர் தமிழகம் வந்தபோது கிராமங்கள் ஏராளம், பாதிரியார்களோ சிலர்தான். ஓர் ஊருக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட நாள்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாமே உள்ளூர் உபதேசியார் பொறுப்பு. அவர் சரியில்லை என்றால் அந்த ஊர் சபையே சரியில்லை.

பெஸ்கி கைவைத்தது அங்கேதான். உபதேசியார்களுக்கு ஏலாக்குறிச்சியில் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். காவியம் பாடத் தெரிந்தவர், களத்தில் வேலை செய்கிறவனுக்கு உரைநடை போதும் என்று முடிவெடுத்தாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம்! கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை கட்டிப் பெரியநாயகி என்று பெயர் வைத்ததும் அவரே.

ஆனால், தொடாமல் விட்ட ஒன்றும் உண்டு. சாதி. உயர்சாதியினருக்கு ஒரு வகை குரு, மற்றவர்களுக்குப் 'பண்டாரசாமி' என்ற ஏற்பாடு மதுரை மிஷனில் 17-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. உடை, மொழி, சிலை எல்லாம் மாறியும் இந்தப் பிரிவினை தொடர்ந்தது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. எழுத்தில் ஒப்புக்கொள்ளவே இத்தனை காலம்!

பெரம்பலூருக்குப் பக்கத்திலேயே, திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது கோட்டப்பாளையம். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. அங்கே தங்களிடம் பாகுபாடு காட்டப்படுவதாக தலித் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடியானது. விடாமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் அந்த மனு மீது நோட்டீஸ் அனுப்ப உத்தரவானது.